இரவு வானொலியின் மென்மை எங்கிருந்து வந்தது?

கேள்வி கேட்டவர் இருபதுகளில் இருப்பவர். "பழைய ஆட்கள் ராத்திரி ரேடியோ என்றாலே உருகுகிறார்கள். அந்தப் பாட்டெல்லாம் இப்போதும் கிடைக்கிறது. பேச்சுக்கும் எத்தனையோ பாட்காஸ்ட் இருக்கிறது. அப்புறம் எதற்கு அந்த ஏக்கம்? இளமைக் கால நினைவு மட்டும்தானா?" என்று கேட்டிருக்கிறார்.

இளமைக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால் அதோடு முடித்துவிட்டால் அந்த அறிவிப்பாளர்களுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். தணிந்த குரலில், நிதானமாக, எதிரே ஒரே ஒருவர் உட்கார்ந்திருப்பது போல அவர்கள் பேசினார்கள். அது பழகிப் பழகி வந்த வேலை. அப்படிப் பேசியே ஆக வேண்டிய சூழலும் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது கொழும்பும் (இலங்கை வானொலி) லண்டனும்தான் (பிபிசி தமிழ் ஒலிபரப்பு), அந்த இரண்டையும் வைத்தே சொல்கிறேன்.

முதலில், ஏன் இரவு? நாள் முழுக்க ரேடியோ பாடினாலும் எல்லாரும் இரவைத்தான் சொல்கிறார்கள். இதற்கு ஒரு இயற்பியல் காரணம் உண்டு. பகலில் சூரிய ஒளியால் வானத்தின் மேலடுக்கில் மின்னூட்டமுள்ள ஒரு படலம் உண்டாகி, மத்திய அலையை (மீடியம் வேவ்) விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்தப் படலம் கலைந்துவிடும். அப்போது அலைகள் அதற்கும் மேலே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பிப் பல நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து இறங்கும். நாங்கள் இருந்த கீழத்தஞ்சைக் கடற்கரைப் பக்கம் கொழும்பு பகலிலேயே கேட்கும். உள்மாவட்டத்துக்காரர்களுக்கு இருட்டிய பிறகுதான் நன்றாக எடுக்கும். பகலில் உள்ளூர் நிலையம் ஒன்றிரண்டு மட்டும் கிடைத்த பெட்டியில், இரவானால் முள்ளை ஒரு நூலளவு நகர்த்தினாலே வேறொரு ஊர் பேசும். தூரத்துக் குரல் வீட்டுக்குள் வந்து உட்காரும் நேரம் என்று இரவுக்கு ஒரு தனி மதிப்பு வந்ததற்கு இதுதான் அடிப்படை.

கொழும்பின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1925 டிசம்பரில் தொடங்கிய நிலையம் அது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக கொழும்புக்கு அருகே ஏக்கலையில் சக்திவாய்ந்த சிற்றலை (ஷார்ட் வேவ்) ஒலிபரப்பி ஒன்றை நிறுவினார்கள். போர் முடிந்து 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே வர்த்தக சேவை தொடங்கியது. இங்கே 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாட்டை அகில இந்திய வானொலியில் ஏறக்குறைய ஒதுக்கியே வைத்தார். சினிமாப் பாட்டு வேண்டும் என்றவர்கள் மொத்தமாகக் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். திரைப்பாட்டுக்கும் இடம் தந்த அகில இந்திய வானொலியின் விவித பாரதி வந்தது 1957 அக்டோபரில். அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது. பாட்டுக்காகப் போனவர்கள் அந்த ஊர் அறிவிப்பாளர்களின் பேச்சில் மயங்கி அங்கேயே தங்கிவிட்டார்கள்.

எஸ்.பி. மயில்வாகனன் தொடங்கி வைத்த மரபு அது. பிறகு பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம், மயில்வாகனம் சர்வானந்தா, கே.எஸ். ராஜா, எஸ். நடராஜசிவம் என்று ஒரு பெரிய வரிசை. இவர்கள் எல்லாரும் மென்மையாகப் பேசினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கே.எஸ். ராஜா மடை திறந்த வெள்ளம். அந்த வேகத்துக்காகவே அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள். படம் பார்க்கக் கூப்பிடும் விளம்பர நிகழ்ச்சிக்கு அந்த வேகம் வேண்டும். அதே நிலையம்தான் படுக்கப் போகும் நேரத்தில் 'இரவின் மடியில்' என்று பெயர் வைத்து, குரலை முற்றிலும் வேறாக இறக்கியது. நேரத்துக்கு ஏற்ற குரல் எது என்று தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் இருந்தார்கள் என்பதுதான் முக்கியம்.

இரவு நிகழ்ச்சியின் பேச்சைக் கவனித்துக் கேட்டவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பாட்டு முடிந்த உடனே அறிவிப்பாளர் பேச மாட்டார். கடைசி வயலின் இழை அடங்கும் வரை விடுவார். அதன் பிறகும் ஒரு மூச்சு இடைவெளி இருக்கும். பிறகு, முடிந்த பாட்டிலிருந்தே ஒரு சொல்லை எடுத்து இரண்டு மூன்று வாக்கியம் பேசி, அடுத்த பாட்டின் வாசலில் கொண்டுபோய் விடுவார். அந்த இரண்டு மூன்று வாக்கியத்தில் ஒரு முழுக் கதையின் நிழல் இருக்கும். இதன் நீண்ட வடிவம்தான் 'இசையும் கதையும்'. பெரும்பாலும் நேயர்கள் எழுதி அனுப்பிய கதைகள். காதல், பிரிவு, வெளிநாடு போனவன், காத்திருப்பவள். இடையிடையே கதையின் திருப்பத்துக்குப் பொருத்தமான திரைப்பாட்டு வரும். தனியாக எடுத்துப் படித்தால் சாதாரணமாகத் தோன்றும் கதையைக்கூட ராஜேஸ்வரி சண்முகம் போன்ற ஒருவர் வாசித்தால் சமையற்கட்டில் வேலை நின்றுபோகும். மிகைப்படுத்தி நடிக்க மாட்டார்கள். அழுகை வரும் இடத்தில் குரலைத் தாழ்த்துவார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது அலையின் தொல்லை. இதை யாரும் மென்மையோடு சேர்த்துப் பேசுவதில்லை, ஆனால் என் கணிப்பில் இதுதான் பெரிய ஆசிரியர். மத்திய அலையிலும் சிற்றலையிலும் ஒலியின் மேல் சுரங்கள் வெட்டுப்பட்டுத்தான் வரும். சுமார் 4,500 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது அநேகமாகக் கேட்பவர் காதுக்கு வராது. ச, ஸ, ஃப போன்ற ஒலிகளின் கூர்மை இருப்பதே அங்கேதான். அதோடு சிற்றலையில் குரல் அமுங்கும், எழும், பக்கத்து நிலையம் மேலே ஏறும், இடி மின்னல் என்றால் கரகரக்கும். இவ்வளவையும் தாண்டி ஒரு சொல் போய்ச் சேர வேண்டுமானால் அதை முழுதாக உச்சரிக்க வேண்டும், இரண்டு சொற்களுக்கு நடுவே இடம் விட வேண்டும், முக்கியமான பெயரை இன்னொரு முறை சொல்ல வேண்டும். செய்தி முடிவில் தலைப்புச் செய்திகளைத் திரும்பச் சொல்வதும் முதல் முறை அலை அமுங்கித் தவறவிட்டவர்களுக்கு உதவியது. கேட்பவருக்கு இது மரியாதையாகத் தெரிந்தது. உண்மையில் மரியாதையும்தான். காதுக்குச் சிரமம் கொடுக்காமல் பேசுவதற்கு இத்தனை முயற்சி எடுத்துக்கொள்கிறவர் நம்மை மதிக்கிறவர்தானே.

இந்த வித்தையைத் தமிழில் எழுதி வைத்தவர் ஒருவர் இருந்தார். இலங்கை வானொலியில் இருந்து லண்டன் போன சோ. சிவபாதசுந்தரம். பிபிசியின் தமிழ் ஒலிபரப்புக்கு 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் அவர்தான். 'ஒலிபரப்புக் கலை' என்று ஒரு நூலே எழுதினார். ஒலிவாங்கியின் முன்னால் பேசுவது மேடைப்பேச்சும் அல்ல, கட்டுரை வாசிப்பும் அல்ல, அது தனிக் கலை என்று நம்பிய தலைமுறை அது. மேடைத் தமிழ் உச்சத்தில் இருந்த காலத்தில், ஆயிரம் பேரைப் பார்த்து முழங்குவதற்கு நேர் எதிரான ஒன்றைத் தமிழ் அதே வேளையில் கற்றுக்கொண்டிருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புத் தரும் செய்தி.

தமிழோசை 1941 மே மாதம் தொடங்கியது. வானொலியாக 2017 ஏப்ரல் 30 வரை ஒலித்தது. பிற்காலத்தில் இந்திய நேரம் இரவு ஒன்பதே காலுக்கு வரும், அரை மணி நேரம். ஒன்பதே கால் எல்லாம் ராத்திரியா என்று கேட்கலாம். எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்து, தெருவில் ஆள் நடமாட்டம் ஓய்ந்துவிடும் கிராமத்தில் அது நல்ல இரவுதான். திண்ணையில் ரேடியோவை வைத்துக்கொண்டு நாலு பேர் சத்தமில்லாமல் கேட்பார்கள். 'சங்கர் அண்ணா' என்றே எல்லாரும் அறிந்த சங்கரமூர்த்தி, ஆனந்தி சூரியப்பிரகாசம், விமல் சொக்கநாதன் என்று அந்தக் குரல்களுக்கு முகமே தேவைப்படவில்லை. ஆனந்தி எத்தனையோ வீடுகளில் 'ஆனந்தி அக்கா'. செய்தி கசப்பானதாக இருந்தாலும் குரலில் பதற்றம் இருக்காது.

அந்தப் பதற்றமின்மைக்கு உண்மையான விலை தெரிந்தது யாழ்ப்பாணத்தில்தான். 1990இல் மறுபடி போர் மூண்ட பிறகு குடாநாட்டில் மின்சாரம் போயிற்று, வருடக்கணக்கில் வரவில்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு, பற்றரி உள்ளே வரவே கூடாது. வீட்டில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்ட விளக்குதான். அப்போது ரேடியோ கேட்க மக்கள் கண்ட வழி சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். பின் சக்கரம் சுழல, டயரில் உரசும் டைனமோவிலிருந்து இரண்டு வயர் ரேடியோவுக்குப் போகும். சுற்றுகிறவர் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். கை தளர்ந்தால் லண்டன் தேய்ந்து அணைந்துவிடும், வேகம் கூடினால் ரேடியோவுக்கே ஆபத்து. கை மாற்றிக் கை மாற்றிச் சுற்றி அந்த அரை மணி நேரத்தை முழுதாகக் கேட்டார்கள். மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பையும் இப்படியே கேட்டவர்கள் உண்டு. தங்கள் ஊரில் அன்று பகல் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த ஒரு குரலை நம்பியிருந்தவர்கள் அவர்கள். அந்தக் குரல் கத்தியிருந்தால் தாங்கியிருக்குமா? நிதானமாகப் பேசுவது அங்கே கேட்கிறவருக்குச் செய்யும் உதவியாகவே இருந்தது.

கடிதத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. அன்றைக்கு நேயர் பேசும் வழி தபால்தான். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எழுதிப் போட்ட அட்டை நிலையம் இருந்த கொழும்பு டொரிங்டன் சதுக்கத்துக்குப் போய், அங்கே ஒருவர் படித்து, பொறுக்கி, கடிதக் கட்டோடு சேர்த்து வைத்து, ஒருநாள் இரவு வாசிப்பார். எழுதுகிறவர் யோசித்து எழுதியிருப்பார், வாசிக்கிறவர் முன்பே ஒருமுறை படித்திருப்பார். இரண்டு பக்கமும் ஆற அமர நடந்த உரையாடல். விருப்பப் பாட்டு கேட்டவர்களின் பெயர்ப் பட்டியலைக்கூட நாங்கள் உன்னிப்பாகக் கேட்போம். முத்துப்பேட்டை, அறந்தாங்கி, மட்டக்களப்பு, நாவலப்பிட்டி, பதுளை என்று ஊர்ப்பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். போகாத ஊர்களின் வரைபடம் ஒன்று அப்படித்தான் எனக்குள் உருவாயிற்று. கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பது அந்தப் பட்டியலில்தான் தெரியும். தொலைநகலும் இணையமும் வருவதற்கு முன் இரு கரைத் தமிழர்களும் தினமும் சந்தித்த இடம் அது ஒன்றுதான் என்பேன்.

கூடவே இன்னொரு உண்மை: அறிவிப்பாளர் அந்த நேரத்தில் அங்கே நிஜமாகவே உட்கார்ந்திருந்தார். இரண்டு இசைத்தட்டுச் சுழலிகள், எதிரே கண்ணாடிக்கு அப்பால் ஒலிக் கட்டுப்பாட்டாளர், சுவரில் கடிகாரம். ஒரு தட்டு ஓடும்போதே அடுத்த தட்டின் முள்ளைச் சரியான வரியில் வைத்துத் தயாராக இருக்க வேண்டும். காகிதம் புரளும் ஓசை ஒலிவாங்கியில் விழக் கூடாது. மைக்குக்கு நெருங்கி உட்கார்ந்து மெதுவாகப் பேசினால் குரலின் அடிச்சுருதி கனத்து, காதருகே பேசுவது போல இருக்கும். இதை இரவு அறிவிப்பாளர்கள் நன்றாகப் பயன்படுத்தினார்கள். நேரம் சொன்னார்கள் என்றால் அது அந்த நிமிடத்தின் நேரம். நமக்குத் தூக்கம் வராத அதே நேரத்தில் இன்னொருவரும் விழித்திருந்து வேலை பார்க்கிறார் என்ற உணர்வு இருக்கிறதே, நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், காவல்காரர்களுக்கும், வயலில் நீர் பாய்ச்ச இரவு மோட்டார் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் அது பெரிய துணை. அப்புறம், நிகழ்ச்சிக்கு ஒரு முடிவு இருந்தது. வணக்கம் சொல்லி நிலையத்தை மூடுவார்கள். அதன்பின் கேட்க எதுவும் இல்லை, தூங்கத்தான் வேண்டும்.

எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அரசாங்க நிலையங்கள். எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பதில் கெடுபிடி இருந்தது. நம் வானொலியின் இரவு உரைகளில் பல, எழுதி வந்ததை நிமிர்ந்து பார்க்காமல் வாசித்து முடித்தவை. மென்மை என்று இன்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி வெறும் சம்பிரதாயம்தான். ஆனால் நன்றாகச் செய்தவர்கள் செய்த அளவுக்கு இன்று யாரும் முயல்வதில்லை என்பதே என் வருத்தம்.

ஏன் போயிற்று? தொலைக்காட்சி மாலையையும் முன்னிரவையும் எடுத்துக்கொண்டது முதல் அடி. அதைவிட ஆழமான மாற்றம் பண்பலை. நாட்டிலேயே முதன்முதலாகப் பண்பலை வந்தது சென்னையில்தான், 1977இல். தனியார் பண்பலைகள் சென்னைக்கு வந்தது 2003இல். ஒலி துல்லியமாகிவிட்டது, நல்லதுதான். ஆனால் பண்பலை நேர்கோட்டில் போவது, ஒரு நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் தாண்டாது. ஆகவே தூரத்துக் குரல் என்ற சங்கதியே போயிற்று. கரகரப்பு இல்லாததால் எவ்வளவு வேகமாகவும் பேசலாம் என்றாயிற்று. ஒரே ஊரில் ஏழெட்டு நிலையங்கள் போட்டியிட்டதால் ஒரு நொடி மௌனம்கூட பயமாகிவிட்டது, அடுத்த நிலையத்துக்குத் தாவிவிடுவார்களோ என்று. கடிதம் போய்த் தொலைபேசி வந்தது. யோசிக்காமல் கேட்டு, யோசிக்காமல் பதில் சொல்லும் பேச்சு வந்தது. கடைசியில் நள்ளிரவில் ஸ்டுடியோவில் ஆளே இல்லை. பகலில் பதிந்து வைத்த குரலையும் பாட்டுப் பட்டியலையும் கணினி ஓட்டுகிறது. நல்ல பாட்காஸ்டுகள் இருக்கின்றன, நானும் கேட்கிறேன். ஆனால் அவற்றில் யாரும் இந்த நிமிடத்தில் நமக்காக விழித்திருப்பதில்லை. நீங்கள் கேட்ட ஏக்கத்தின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

இது தவிர்க்க முடியாத முடிவு அல்ல என்பதற்கு ஜப்பான் ஓர் எடுத்துக்காட்டு. 1988இல் பேரரசர் நோய்வாய்ப்பட்டிருந்தபோது, செய்தி எந்நேரமும் வரலாம் என்று அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் வானொலி இரவு முழுக்க ஒலிபரப்பைத் திறந்தே வைத்திருந்தது. இடைப்பட்ட நேரத்தில் மெல்லிய இசை. தூக்கம் வராதவர்கள் பலர் அதைக் கேட்க ஆரம்பித்தார்கள். 1990இல் அது 'ரேடியோ ஷின்யாபின்' என்ற முறையான நிகழ்ச்சியாகி, இரவு பதினொரு மணியிலிருந்து காலை ஐந்து வரை பேசுகிறது. நடத்துகிறவர்களில் பலர் அனுபவம் மிகுந்த மூத்த அறிவிப்பாளர்கள். வேண்டுமென்றே மெதுவாகப் பேசுகிறார்கள், நேயர் கடிதம் வாசிக்கிறார்கள், அந்த நாளுக்குரிய பூ எது என்று சொல்கிறார்கள். முதியவர்கள் பெருகிவரும் தமிழ்நாட்டில் இப்படி ஒன்று ஏன் இல்லை என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஓய்வு பெற்ற அருமையான குரல்கள் நம்மிடமும் இருக்கின்றன.

இன்று கேட்டுப் பார்க்க விரும்பினால் ஒரு வழி சொல்கிறேன். மத்திய அலை உள்ள சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றை வாங்குங்கள். இரவு பத்து மணிக்கு மேல் எல்இடி விளக்குகளையும் செல்போன் சார்ஜர்களையும் அணைத்துவிடுங்கள், இரைச்சலில் பாதி அவற்றால் வருவது. செட்டைக் கையில் வைத்து மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் கம்பி ஒரு திசையில் நன்றாக எடுக்கும், இன்னொரு திசையில் விட்டுவிடும். பல நிலையங்கள் ஒலிபரப்பிகளை மூடிவருகின்றன என்றாலும், இன்னும் இயங்குபவற்றில் தூரத்துக் குரல் ஒன்றாவது மாட்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட் இருந்தால் அதைவிட அவசரமான வேலை இருக்கிறது. நேரடியாகப் பேசியதைப் பதிந்து பாதுகாக்கும் வழக்கம் அந்த நிலையங்களில் பெரும்பாலும் இல்லை. மிஞ்சியிருப்பது அநேகமாக நேயர்கள் வீட்டில் பதிந்ததுதான். அதிலும் பெரும்பாலானோர் பாட்டை மட்டும் பதிவதற்காக அறிவிப்பாளர் பேச ஆரம்பித்ததும் பாஸ் பொத்தானை அழுத்திவிடுவார்கள். அதனால் எங்கும் கிடைக்கும் பாட்டு கேசட்டில் இருக்கிறது, எங்கும் கிடைக்காத பேச்சு இல்லை. அங்கங்கே தவறி ஒன்றிரண்டு வாக்கியம் பதிவாகியிருக்கும். அப்படிப்பட்ட கேசட் கிடைத்தால் எடுத்ததும் ஓட விடாதீர்கள். பூஞ்சை படிந்திருக்கிறதா, நாடாவை அழுத்தும் சின்னப் பஞ்சுத் திண்டு விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். நாடாவை முன்னும் பின்னும் ஒருமுறை முழுதாக ஓட்டித் தளர்த்திவிட்டுப் பிறகு கணினியில் ஏற்றுங்கள், சுருக்காத வேவ் கோப்பாகவே வையுங்கள். அட்டையில் எழுதியிருக்கும் தேதியையும் ஊரையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள். கரகரப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று பாட்டுக்கு நடுவில் வரும் பேச்சை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.